முகம் வரையப் பழகுவோம்



மனிதனுடைய தலையையும் முகத்தையும் வரையப் பழகுவது எப்படி என்பதைப் பற்றி இன்று பேசுவோம். ஓவியம் என்றதும், "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? வேலைக்குப் போய் வந்து, சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கவே பொழுது சரியாக இருக்கிறது" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். இதற்கு அதிகச் செலவு இல்லை. ஒரு பென்சில், ஒரு தாள், ஓர் அடிக்கோல், விளக்குமாற்றிலிருந்து உருவிய ஓர் ஈர்க்கு, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, இவை போதும். பிள்ளைகளையும் அருகில் அழைத்து உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப்பள்ளிகளில் ஓவியப் பாடம் நடத்தும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்தால் தயக்கமே இருக்காது. அம்மா, அப்பா, மாடு, லாரி, கோவில் எல்லாம் ஒரே தாளில் வந்து நின்றுவிடும். முகத்துக்கு ஒரு வட்டம், கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு வளைவு. அவர்களுக்கு அதில் முழுத் திருப்தி. அதே பிள்ளைகள் நான்காம், ஐந்தாம் ஆண்டுக்கு வந்ததும், "முகம் மட்டும் எனக்கு வராது சார்" என்று பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஆட்களை வரையச் சொன்னால், எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுபோல் வரைந்து தப்பித்துக்கொள்கிறவர்களும் உண்டு.

இடையில் என்ன நடந்தது? பிள்ளையின் கை கெட்டுப்போகவில்லை. கண் வளர்ந்துவிட்டது. தான் வரைந்தது உண்மையான முகத்தைப்போல் இல்லை என்பது பிள்ளைக்குத் தெரிகிறது. ஆனால் எந்த இடத்தில் பிழை என்பது தெரியவில்லை. எடுத்துச் சொல்வாரும் இல்லாதபோது, "எனக்கு அந்தத் திறமை பிறப்பிலேயே இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறது. இந்த முடிவு ஓவியத்தோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. கணக்கில் ஒருமுறை தடுக்கி விழுந்தாலும், மலாயிலோ ஆங்கிலத்திலோ நாக்குத் தடுமாறினாலும், அதே சொல்லைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பிள்ளை பழகிவிடுகிறது. ஆகவே, வராது என்று எண்ணிய ஒன்று பழகினால் வரும் என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே காண்பதற்கு, முகம் வரைவது நல்ல வழி. ஒரு மாதத்தில் பலனைப் பார்த்துவிடலாம்.

ஓவியத்தைக் கையின் பழக்கம் என்று சொல்வது வழக்கம். அது உண்மைதான். ஆனால் கைக்கு முன்னால் பழக வேண்டியது கண். இதை விளக்க ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம்.

வீட்டில் இருப்பவர்களைப் பார்த்து, "தலை உச்சியிலிருந்து மோவாய் வரை உள்ள உயரத்தில் கண் எந்த இடத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள். பெரும்பாலோர், "மேலே, மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் கண்" என்பார்கள். இப்போது அளந்து பார்ப்போம். ஒருவரைக் கதவு நிலையில் முதுகு சாய்த்து நேராக நிற்கச் சொல்லுங்கள். ஒரு புத்தகத்தை அவர் தலைமேல் மட்டமாக வைத்து, அது நிலையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு கண்ணின் ஓரத்துக்கு நேராக ஒரு கோடு, மோவாயின் அடிக்கு நேராக ஒரு கோடு. கண்ணுக்கு அருகில் கூர்மையான எதையும் கொண்டு போக வேண்டாம். தலைக்குப் பக்கவாட்டில் நின்று பார்த்துக் குறித்தால் போதும். இப்போது ஈர்க்கை எடுத்து மேல் கோட்டுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே உள்ள தூரத்துக்கு ஒடியுங்கள். அந்தத் துண்டை நடுக்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே வைத்துப் பாருங்கள். ஏறக்குறையச் சரியாகப் பொருந்தும். வளர்ந்த மனிதருக்குக் கண் இருப்பது தலையின் நட்டநடுவில்!

இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ முகங்களைப் பார்த்துப் பேசிப் பழகியும் இது நமக்குத் தெரியாமல் போனது ஏன்? நாம் ஒருவரோடு பேசும்போது கண்ணையும் மூக்கையும் வாயையும்தான் கவனிக்கிறோம். சிரிப்பு, கோபம், வருத்தம் எல்லாம் அங்கேதான் தெரிகின்றன. நெற்றிக்கு மேலே உள்ள பாகம் நமக்கு எதுவும் சொல்வதில்லை. ஆகையால் மனம் அதைச் சுருக்கிவிடுகிறது. கண், மூக்கு, வாய் மூன்றையும் பெரிதாக்கித் தலை முழுவதும் பரப்பிவிடுகிறது. கை அந்த மனப்படத்தைத்தான் வரைகிறது. அதனால்தான் பிள்ளைகள் வரையும் முகங்களில் நெற்றியே இல்லாமல் கண்கள் உச்சிக்குப் போய்விடுகின்றன. உண்மையில் தலையின் மேற்பாதி மூளையைக் காக்கும் பெட்டி. மண்டையோட்டில் உள்ள 22 எலும்புகளில் 8 எலும்புகள் சேர்ந்து அந்தப் பெட்டியாகின்றன. மீதி 14 முகத்துக்கு உரியவை. அவற்றில் நாம் பேசும்போதும் மெல்லும்போதும் அசைவது கீழ்த்தாடை ஒன்றுதான்.

ஆக, முதற்பாடம் இது: தெரிந்ததை வரையாதே, பார்த்ததை வரை, பார்ப்பதில் ஐயம் வந்தால் அளந்து பார்.

இனி வரையத் தொடங்குவோம். பென்சில் 2பி ஆக இருந்தால் நல்லது. அது மென்மையானது, லேசாகவும் கோடு விழும், அழுத்தினால் கறுப்பாகவும் விழும். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கமே போதும். அழிப்பானைச் சற்றுத் தள்ளி வையுங்கள். அழிப்பானை நாம் ரப்பர் என்கிறோம் அல்லவா? அந்த ஆங்கிலப் பெயருக்கு, தேய்த்து அழிப்பது என்று பொருள். 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிவியலார் மரப்பாலிலிருந்து வந்த அந்தப் பொருள் பென்சில் கோட்டை அழிப்பதைக் குறித்து எழுதினார். நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய மரத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்று கடைகளில் கிடைக்கும் அழிப்பான்கள் பல பிளாஸ்டிக்கால் ஆனவை. எதனால் ஆனதாயினும், பழகும் காலத்தில் அதைக் குறைவாகவே பயன்படுத்துங்கள். தவறான கோடு தாளில் இருந்தால்தான் சரியான கோட்டை அதற்குப் பக்கத்தில் போட முடியும்.

முதலில் 15 சென்டிமீட்டர் உயரமும் 10 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு முட்டை வடிவத்தை லேசாக வரையுங்கள். அகன்ற பக்கம் மேலே, குறுகிய பக்கம் கீழே. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. உச்சியிலிருந்து 7.5 சென்டிமீட்டரில் குறுக்கே ஒரு கோடு. இது கண் கோடு. 10 சென்டிமீட்டர் அகலத்தை ஐந்தாகப் பிரித்தால் பாகத்துக்கு 2 சென்டிமீட்டர் வரும். இரண்டாவது பாகமும் நான்காவது பாகமும் கண்கள். நடுப்பாகம் இரண்டு கண்ணுக்கும் இடைவெளி. அதாவது, ஒரு கண்ணுக்கும் மற்றொரு கண்ணுக்கும் இடையே இன்னொரு கண் வைக்க இடம் இருக்க வேண்டும்.

அடுத்து, உச்சியிலிருந்து 2 சென்டிமீட்டர் இறங்கி ஒரு சிறு கோடு போடுங்கள். முடி தொடங்கும் இடம் அதுதான். அங்கிருந்து மோவாய் வரை உள்ள 13 சென்டிமீட்டரை மூன்று சம பாகமாக்குங்கள். முதற்பாகம் முடிவது புருவத்தில். உச்சியிலிருந்து அது 6.3 சென்டிமீட்டர் இருக்கும். இரண்டாம் பாகம் முடிவது மூக்கின் அடியில், அது 10.7 சென்டிமீட்டர். மூன்றாம் பாகம் மோவாயில் முடிகிறது. மூக்கின் அடியிலிருந்து மோவாய் வரை உள்ள பாகத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் இரண்டு உதடுகளும் சேரும் கோடு. மூக்கின் அகலம் கண்களுக்கு இடையே உள்ள 2 சென்டிமீட்டர்தான். வாயின் ஓரங்கள் கருவிழியின் உள்விளிம்பிலிருந்து நேர்கீழே வரும். காதுகளோ புருவத்துக்கு நேராகத் தொடங்கி மூக்கின் அடிக்கு நேராக முடியும். கழுத்தைக் குச்சிபோல் வைத்துவிடாதீர்கள். காதுக்குச் சற்றுக் கீழிருந்தே அது தொடங்குகிறது. தாடையைவிடக் கொஞ்சந்தான் ஒடுங்கியது.

முகத்தை மூன்றாகப் பிரிக்கும் இந்தக் கணக்கு நமக்குப் புதியதன்று. கோவில்களில் நாம் கும்பிடும் சிலைகளைச் செய்யும் சிற்பிகள் கண்ணால் மட்டும் மதிப்பிட்டுச் செதுக்குவதில்லை. சிற்ப நூல்களில் முகத்தின் நீளத்துக்குத் தாளம் என்று பெயர். ஒரு தாளம் 12 அங்குலம். இந்த அங்குலம் அடிக்கோலில் காணும் அங்குலம் அன்று. சிலையின் உயரத்தைப் பொறுத்துக் கூடும், குறையும் ஓர் அலகு. நெற்றிக்கு 4, மூக்குக்கு 4, மூக்கின் அடியிலிருந்து மோவாய் வரை 4 என்று மூன்று சம பாகம். சிலை முழுவதும் ஒன்பது தாளமாக இருந்தால் அது நவதாளம், 108 அங்குலம். 1452 முதல் 1519 வரை வாழ்ந்த இத்தாலிய ஓவியர் லியனார்டோ டாவின்சியும் முகத்தை இதே மூன்று பாகங்களாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்.

தாளம் என்பது உள்ளங்கையின் அளவுமாகும். உங்கள் கையை விரித்து, மணிக்கட்டு மோவாயில் படும்படி முகத்தின்மேல் வைத்துப் பாருங்கள். நடுவிரலின் நுனி முடி தொடங்கும் இடத்துக்கு அருகில் போய் நிற்கும். எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் ஓர் அளவுக் கணக்கும் இருக்கிறது. அவரவர் கையால் அளந்தால் அவரவர் உடம்பு ஏறக்குறைய எட்டுச் சாண். ஓவியர்கள் வளர்ந்த மனிதரின் உயரத்தை ஏழரைத் தலை என்று கணக்கிடுகிறார்கள். இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுகின்றன.

இப்போது உறுப்புகளுக்கு வருவோம். கண் என்பது ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை. இமைகள் அதன்மேல் போர்த்திய துணி போன்றவை. ஆகவே இமையின் கோடு உருண்டையைச் சுற்றி வளைந்து போக வேண்டும். கருவிழியை முழு வட்டமாக வரைந்தால் ஆள் பயந்து விழிப்பதுபோல் ஆகிவிடும். மேல் இமை அதன் தலைப்பகுதியைச் சற்று மறைப்பதைக் கண்ணாடியில் பாருங்கள். மூக்குக்கு மேலிருந்து கீழாக இரண்டு கோடுகள் இழுக்க வேண்டாம். மூக்கின் நுனிக்கு அடியில் உள்ள நிழலையும் இரு பக்கத்து மடல்களையும் போட்டால் மூக்கு தானே எழுந்து நிற்கும். வாய்க்கு முதலில் உதடுகள் சேரும் கோடு. சிரிக்கும் வாயில் பற்களைத் தனித்தனியாகக் கட்டம் கட்ட வேண்டாம். முடியை இழை இழையாக இழுப்பதைவிட, முதலில் ஒரே இருட்டாகப் போட்டு, வெளிச்சம் படும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

இதுவரை நேராகப் பார்க்கும் முகத்தைப் பார்த்தோம். தலை குனிந்தாலும் நிமிர்ந்தாலும் என்ன ஆகும்? ஓர் அவித்த முட்டையை எடுத்து, ஓட்டின்மேல் நடுக்கோடும் கண் கோடும் பென்சிலால் சுற்றிப் போடுங்கள். முட்டையை முன்பக்கம் சாய்த்தால் கண் கோடு கீழ்நோக்கித் தொங்கும் வளைவாகிறது. நெற்றி பெரிதாகிறது, மோவாய் சுருங்குகிறது. பின்பக்கம் சாய்த்தால் எல்லாம் தலைகீழாக மாறுகிறது. பக்கவாட்டில் திருப்பினால் நடுக்கோடு ஓர் ஓரத்துக்கு நகர்கிறது. பாடம் முடிந்ததும் முட்டையை உரித்துப் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். பக்கத்தோற்றத்தில் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. காதுக்குப் பின்னால் தலையே இல்லாதபடி வெட்டிவிடுவார்கள். நெற்றியிலிருந்து பின்மண்டை வரை உள்ள நீளம், தலையின் உயரத்தைவிடச் சற்றே குறைவு. காது அந்த நீளத்தின் பாதியைத் தாண்டிப் பின்பக்கத்தில் இருக்கிறது.

நேயர்களே, மேலே சொன்ன அளவுகளின்படி வரைந்துவிட்டோம். வந்த முகம் யாருடையது? யாருடையதும் அன்று. அது சராசரி முகம். பழகுகிறவர்கள் நின்றுவிடும் இடமும் இதுதான். அளவுகள் ஏணியைப் போன்றவை. ஏறிய பிறகு அங்கேயே நின்றுகொண்டிருக்கக் கூடாது. இனிமேல், எதிரே இருப்பவரின் முகம் அந்தச் சராசரியிலிருந்து எங்கெங்கே விலகுகிறது என்று தேட வேண்டும். பாட்டியின் முகத்தில் நெற்றிப்பாகம் பெரிதா, மூக்குப்பாகம் பெரிதா? கண்களுக்கு இடையே உள்ள தூரம் ஒரு கண் அளவைவிடக் கூடவா, குறைவா? ஒரு புருவம் மற்றதைவிட மேலே ஏறியிருக்கிறதா? கன்னத்து எலும்பு எங்கே புடைத்திருக்கிறது? வாயின் ஓரம் எந்தப் பக்கம் சாய்கிறது? இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை கண்டு தாளில் குறித்துவிட்டால், அது பாட்டியின் முகமாகிவிடும்.

எதிரே இருப்பவரை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, முழங்கை மடங்காமல் கையை முழுவதும் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பென்சிலின் நுனியை அவருடைய உச்சிக்கு நேராக வைத்து, கண் இருக்கும் இடம் வரை கட்டைவிரலை நகர்த்துங்கள். அந்த நீளத்தோடு மற்றப் பாகங்களை ஒப்பிடலாம். கை மடங்கினாலோ, இருக்கும் இடம் மாறினாலோ அளவும் மாறிவிடும்.

வயதுக்கு ஏற்பவும் முகம் மாறுகிறது. கைக்குழந்தையின் முகத்தில் கண் தலையின் பாதிக்குக் கீழே இருக்கும். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் தலை மட்டும் கால்பங்கு. மூளை விரைவில் வளர்ந்துவிடுகிறது. தாடையும் மூக்கும் மெதுவாக வளர்கின்றன. ஆகவே, குழந்தையை வரையும்போது பெரியவரின் முகத்தைச் சின்னதாக்கினால் போதாது. கண், மூக்கு, வாய் மூன்றையும் கீழே இறக்கி நெருக்கமாக வைக்க வேண்டும். முதியவர்களுக்குப் பல் விழுந்தால் தாடை எலும்பு தேய்கிறது. மூக்குக்கும் மோவாய்க்கும் இடையே உள்ள தூரம் குறைகிறது. காதுகள் சற்று நீள்கின்றன. சுருக்கங்களை எல்லாம் கோடு கோடாக இழுத்தால் தாத்தா கோபித்துக்கொள்வார். ஆழமானவை இரண்டு மூன்றை மட்டும் போட்டாலே வயது தெரிந்துவிடும்.

கோடு முடிந்ததும் நிழல். காலையிலோ மாலையிலோ, வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரும்படி அவரை அஞ்சடியில் உட்கார வையுங்கள். கண்களைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் சிறு விவரங்கள் மறைந்து, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று தரம் மட்டும் தெரியும். அந்த மூன்றையும் பென்சிலால் போடுங்கள். புருவத்தின் கீழ்ப்பள்ளம், மூக்குத் துளை, உதடு சேரும் கோடு, மோவாயின் அடி ஆகியவை இருட்டு. நெற்றி மேடு, மூக்கின் தண்டு, கன்னத்து மேடு ஆகியவை வெளிச்சம்.

வண்ணம் தீட்டும் பிள்ளைகளைப் பற்றி இங்கே ஒரு சொல். வண்ணப் பென்சில் பெட்டியில் வெளிர் ஆரஞ்சு நிறம் ஒன்று இருக்கும். பிள்ளைகள் அதைத் தோல் நிறம் என்று பெயரிட்டு, தங்கள் முகத்துக்கும் அம்மாவின் முகத்துக்கும் அதையே பூசிவிடுகிறார்கள். நம்மில் யாருக்கு அந்த நிறம்? பிள்ளையின் கையைத் தாளுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். பழுப்பு நிறத்தின்மேல் கொஞ்சம் ஆரஞ்சு, நிழல் விழும் இடத்தில் கொஞ்சம் ஊதா அல்லது கருநீலம் என்று அடுக்கிப் பார்க்கட்டும். கறுத்த முகத்தில் வெளிச்சம் விழும் இடங்கள் பளிச்சென்று ஒளிரும். அதை வரைவதில் தனி அழகு இருக்கிறது. தன் நிறத்தைத் தன் கண்ணால் பார்த்துத் தீட்டிய பிள்ளைக்கு அதைப் பற்றி வெட்கம் வராது. இதைச் சின்னப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு பயிற்சிகளைச் சொல்லி வைக்கிறோம். நாளிதழில் வந்துள்ள ஒரு முகப் படத்தைத் தலைகீழாக வைத்து, அது இருப்பதுபோலவே தலைகீழாக வரைந்து பாருங்கள். தலைகீழாக இருக்கும்போது "இது கண், இது மூக்கு" என்று மனம் பெயர் சொல்லிக் குறுக்கிடுவது குறைகிறது. கோடும் நிழலும் மட்டுமே தெரிவதால், பலருக்கு வழக்கத்தைவிடச் சரியான படம் வருகிறது. அமெரிக்க ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் வெளியிட்ட நூலால் இந்தப் பயிற்சி உலகெங்கும் பரவியது. மூளையின் வலப்பக்கம், இடப்பக்கம் என்று அவர் தந்த விளக்கத்தை இன்றைய அறிவியல் அப்படியே ஏற்பதில்லை. பயிற்சியின் பயனுக்கு அதனால் குறைவில்லை. இரண்டாவது பயிற்சி, வரைந்து முடித்த படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்ப்பது. இடம் வலமாக மாறித் தெரியும்போது, கோணலான கண்ணும் சாய்ந்த வாயும் உடனே புலப்படும். ஓவியர்களுக்கு லியனார்டோ சொன்ன யோசனை இது.

பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள். பிள்ளை படத்தைக் கொண்டு வந்து காட்டும்போது, "இது யாரு, குரங்கா?" என்று சிரித்துவிடாதீர்கள். வேடிக்கைக்குச் சொன்ன ஒரு சொல் பென்சிலை ஆண்டுக்கணக்கில் கீழே வைக்கச் செய்துவிடும். எதைக் கொடுத்தாலும் "அழகு, அழகு" என்று சொல்வதாலும் பயன் குறைவு. "அப்பாவோட மூக்கை எப்படிப் பார்த்து வரைஞ்சே? எங்கே கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். தாளின் மூலையில் தேதியைப் போடச் சொல்லி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். முப்பது நாள் கழித்து, முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பழகினால் வரும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

"படம் போட்டால் சோறு கிடைக்குமா?" என்று கேட்பவர்களும் உண்டு. எல்லாப் பிள்ளைகளும் ஓவியர்கள் ஆகப்போவதில்லை, ஆகவும் வேண்டியதில்லை. ஆனால் பார்த்து அளந்து ஒப்பிடும் பழக்கம் தச்சருக்கு வேண்டும், தையல் வேலைக்கு வேண்டும், இயந்திரம் பழுது பார்ப்பவருக்கு வேண்டும், நோயாளியின் முகத்தைப் பார்த்து நிலைமையை அறியும் தாதிக்கும் வேண்டும். ஓவியத்தையே தொழிலாகக் கொண்டு உயர்ந்தவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். முகச் சித்திரங்களுக்குப் பெயர்பெற்ற முகமது ஹுசேன் ஏனாஸ் 1924இல் பிறந்து 1995இல் மறைந்தார். 1956இல் ஓவியர்களுக்கென்று அங்கத்தான் பெலுக்கிஸ் செமெனாஞ்சோங் என்னும் சங்கத்தை அமைத்தவர் அவர். அரச குடும்பத்தினரை வரைந்த அதே கையால் சாதாரண மக்களின் முகங்களையும் வரைந்தார்.

சாதாரண மக்களின் முகங்கள் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவசரகாலத்தில், 1948இல், அடையாள அட்டை கொண்டுவரப்பட்டபோது 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அதற்காகப் படம் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இளமையில் எடுத்த படம் அந்த ஒன்றைத் தவிர வேறு கிடையாது என்னும் முதியவர்கள் தோட்டங்களில் இருந்தார்கள். இன்று கைத்தொலைபேசியில் கண் இமைக்கும் நேரத்தில் பத்துப் படம் எடுத்துவிடலாம். ஆனால் எடுத்த படத்தை நாம் எத்தனை நொடி பார்க்கிறோம்? முகத்தை வரைவதற்கு அரை மணி நேரமாவது எதிரே உட்கார்ந்து உற்றுப் பார்க்க வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் தாத்தா சும்மா இருக்க மாட்டார். நெற்றித் தழும்பு எந்த மரத்தடியில் விழுந்ததால் வந்தது, விடிவதற்கு முன் பிரட்டுக்களத்தில் யார் பக்கத்தில் நின்றது, எந்த ஊரிலிருந்து யார் கப்பலேறி வந்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவார். வரைகிற பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கும். படம் சுமாராக வந்தாலும் அந்தப் பேச்சு பிள்ளையிடம் தங்கிவிடும். பெரியவர்கள் போன பிறகு கேட்க முடியாத செய்திகள் அவை.

ஆகவே, இந்த வார விடுமுறை நாளிலேயே தொடங்கிவிடுங்கள். முதலில் கதவு நிலையில் வைத்து அளவு பாருங்கள். அடுத்து முட்டை வடிவம், கண் கோடு, மூன்று பாகம். பிறகு வீட்டில் மூத்தவர் யாரோ, அவரை அஞ்சடியில் வெளிச்சம் பார்த்து உட்கார வைத்து, அவர் பக்கத்தில் ஒரு குவளைத் தேநீரும் வைத்துவிட்டு, எதிரே பிள்ளையை உட்கார வையுங்கள். வரைந்த தாளில் தேதியோடு அவர் பெயரையும் எழுதச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.